பொலிஷைப் பார்த்தது போதும், கிளச்சைக் கேளுங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கார் விலைக்கு வரும்போது அதோடு சேர்ந்து நாலு வசனமும் வரும். "டொக்டர் பாவிச்ச கார்." "ஒரே ஓனர்." "பொம்பிளைப்பிள்ளை ஓடினது, அடிச்சு ஓடேல்லை." "வெளிநாட்டுக்குப் போறபடியால்தான் குடுக்கிறார்." கவனிச்சுப் பாருங்கோ, இந்த நாலில் ஒன்றுகூட வண்டியைப் பற்றியதல்ல. நாலும் ஆளைப் பற்றியவை. இரும்பு வாங்கப் போன இடத்தில் ஆளின்ர சாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் சரி எண்டு காசைக் குடுத்துவிட்டு வருகிறோம்.

இந்தக் கட்டுரை அந்த வழக்கத்துக்கு எதிரானது. குறிப்பாக, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எப்படியாவது வாங்கிப்போட வேணும் எண்டு ஆசைப்படுகிற எங்கட வயசுக்காரருக்காக எழுதியது. வாதம் ஒன்றுதான்: மனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் காரை முந்தின ஆள் எப்படி ஓடினார் என்பதற்குக் கிளச்தான் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்க விடாத ஆளிடம், அவர் எவ்வளவு நல்லவராய் இருந்தாலும், வாங்கக்கூடாது.

ஏன் கிளச்? மற்றதெல்லாம் மாத்தலாம், மறைக்கலாம். பெயின்ற் புதுசா அடிக்கலாம். ரயருக்குக் கறுப்புப் பொலிஷ் போடலாம். சீற் கவரை மாத்தலாம். எஞ்சினைக் கழுவித் துடைச்சு மினுக்கலாம். கிலோமீற்றர் மீற்றரைப் பின்னுக்குத் திருப்புவது பழைய தொழில். டிஜிட்டல் மீற்றர் வந்த பிறகு அது இன்னும் சுத்தமான தொழிலாகிவிட்டது. ஆனால் கிளச் தகடு எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் கிடக்கிறது. கியர் பொக்ஸை இறக்காமல் அதைக் கண்ணால் காண முடியாது. கண்ணுக்குத் தெரியாதபடியால் ஒருத்தரும் அதை மினுக்குவதில்லை. அதை மறைக்க ஒரே வழிதான் இருக்கு: உங்களை ஓட விடாமல் வைத்திருப்பது.

கிளச் செய்கிற வேலை சின்ன வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுத்துவது பிளைவீல். அதுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், ரெண்டு பக்கமும் உராய்வுப் படலம் ஒட்டின ஒரு தகடு. நீங்கள் பெடலை விட்டால் ஸ்பிரிங் அந்தத் தகட்டை நெருக்கிப் பிடிக்கும், எஞ்சினின் பலம் சில்லுக்குப் போகும். பெடலை மிதித்தால் பிடி விடும். முழுசாகப் பிடிச்சிருக்கும்போது தேய்வு இல்லை. முழுசாக விட்டிருக்கும்போதும் தகடு தேயாது. தேய்வெல்லாம் நடுவில், அரைகுறையாய்ப் பிடிக்கிற அந்தக் கணங்களில்தான். கஸ்தூரியார் வீதி நெரிசலில் பெடலில் காலை வைத்தபடியே ஊர்ந்தவர், சந்தியில் நாலு பேர் பார்க்க வேணும் எண்டு எஞ்சினை உறுமவிட்டுப் பெடலைச் சடாரென்று விட்டவர், எல்லாரும் அந்தத் தகட்டில் கையெழுத்துப் போட்டிருக்கினம். ஒரே மாதிரிக் கார், ஒரே மாதிரிக் கிளச்: ஒருவரிடம் ஒரு லட்சம் கிலோமீற்றரையும் தாண்டும், இன்னொருவரிடம் அதில் கால்வாசிகூடத் தாங்காது. அதனால்தான் மீற்றரில் உள்ள இலக்கத்தை வைத்துக் கிளச்சைக் கணிக்க முடியாது. "பொம்பிளைப்பிள்ளை ஓடினது" என்பதும் அதே வகைக் கதை. பெடலில் காலை ஊன்றி வைக்கிற பழக்கத்துக்கு ஆண் பெண் இல்லை.

இதை இப்ப ஏன் எழுத வேண்டியிருக்கு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட 5 வருசம் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறிச் சுத்தின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வண்டிக்கு வயசு கூடியது, விலையும் கூடியது. உலகத்தில் மற்ற இடங்களில் பழசானால் விலை இறங்கும். இங்கே பழசானது தங்கம் மாதிரி ஏறியது. கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதுக் கார் எங்கட கைக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. மஸ்டா ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012 உடன் நின்றுவிட்டது. ஹொண்டா சிஆர்-இசட் 2010இல் வந்தது, ரொயோட்டா 86 வந்தது 2012இல். எங்கட கனவு முழுக்கப் பத்து வருசத்துக்கு மேற்பட்ட இரும்பு. அத்தனையும் நாலைந்து கால்களின் கீழ் இருந்து வந்தவை. கடைசியாக வாங்குகிற ஆள்தான் முந்தின எல்லாருடைய உறுமலுக்கும் காசு கட்டுகிறவர். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் லீசிங் எடுத்த, அல்லது மாமா கனடாவிலிருந்து அனுப்பின காசோடு வந்த, 25 வயசுப் பிள்ளை.

சரி, சோதிக்கிறோம்தானே எண்டு சொல்லுவீங்கள். எப்படிச் சோதிக்கிறோம்? ஊரில் ரெண்டு சோதனை பிரபலம். முதலாவது: ஹாண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளச்சை விடு, எஞ்சின் நின்றால் கிளச் நல்லம். இது பாதிப் பொய். எஞ்சின் மெதுவாகச் சுத்தும்போது அதில் பலம் குறைவு. அந்தச் சின்னப் பலத்தைத் தேய்ந்த தகடும் பிடிச்சு எஞ்சினை நிறுத்திப்போடும். இந்தச் சோதனையில் தோற்கிற கிளச் செத்த கிளச். வெல்கிற கிளச் நல்ல கிளச் எண்டு அர்த்தமில்லை.

இரண்டாவது: "பெடல் மேல வரேக்கதான் பிடிக்குது, அப்ப தேஞ்சுபோச்சு." இது கேபிள் வைத்த பழைய கார்களுக்குப் பொருந்தும். தகடு தேயத் தேய, கேபிளை இறுக்கித் தளர்த்தாவிட்டால் பிடிக்கிற இடம் மேலே போகும். ஆனால் இன்று நீங்கள் பார்க்கப்போகிற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் எண்ணெயில் இயங்கும் ஹைட்ரோலிக் கிளச். அது தேய்வைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். தகடு கடதாசி மாதிரி ஆனாலும் பெடல் பழைய இடத்திலேயே பிடிக்கலாம். ஹைட்ரோலிக் கிளச் நிலத்தோடு ஒட்டிப் பிடிச்சால் அது வேறு வருத்தம்: குழாயில் காற்று, அல்லது சிலிண்டரில் ஒழுக்கு. எண்ணெய்க் குடுவையைத் திறந்து பாருங்கோ, பெடலுக்கு மேலே கையை விட்டு ஈரம் இருக்கா எண்டு தடவிப் பாருங்கோ.

இதோடு ஒரு ஊர்ப் பிரச்சினையும் இருக்கு. குடாநாடு தட்டை. வழுக்கத் தொடங்கின கிளச் தன்னைக் காட்டிக்கொடுக்க ஏற்றம் வேணும், பாரம் வேணும். எங்களிடம் ஏற்றமே இல்லை. தெல்லிப்பழையிலிருந்து ரவுணுக்கு வந்துபோகிற கார் மாதக்கணக்கில் நல்ல பிள்ளையாய் நடிக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகேக்க, றம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், கார் நகராது, ஜன்னலுக்குள்ளால் கருகின மணம் வரும். வித்த ஆளுக்கு அப்ப அழைப்பு எடுத்தால் என்ன சொல்லுவார்? "தம்பி, என்னட்ட இருக்கேக்க நல்லாத்தானே ஓடினது." அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. தட்டையான ஊரில் அது நல்லாத்தான் ஓடியிருக்கும்.

ஆகவே ஏற்றமில்லாத ஊரில் ஏற்றத்தை நாங்கள்தான் உண்டாக்க வேணும். உயர் கியரும் குறைந்த வேகமும் சேர்ந்தால் அதுதான் எங்கட மலை. கார் 15, 20 நிமிசம் ஓடிச் சூடான பிறகு, வாகனம் குறைந்த நேரமாய்ப் பார்த்து வல்லை வெளி மாதிரி நேரான வீதிக்குப் போங்கோ. மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் நாலாம் கியர். ஆறு கியர் உள்ள காரில் ஐந்தாம் கியரிலும் ஒருக்கால் பாருங்கோ. அக்சிலேற்றரை முழுசாக அமத்துங்கோ. கண் ரெண்டு முள்ளிலும் இருக்க வேணும்: எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள், வேகத்தைக் காட்டுகிற முள். கிளச் நல்லதென்றால் ரெண்டும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுகள் மாதிரிச் சேர்ந்து ஏறும், ஆறுதலாய்த்தான் ஏறும். எஞ்சின் முள் மட்டும் துள்ளி ஓடி, வேக முள் பின்னுக்கு நின்றால் அது வழுக்கல். விவாதம் முடிந்தது. ரேர்போ உள்ள சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவலூஷன் மாதிரிக் கார் என்றால் ரேர்போ உதைக்கிற கணம்வரை பொறுங்கோ. வழுக்கல் அந்த உதையில்தான் வெளியே வரும். இதுக்கு மணிக்கு 70ஐத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடிய சோதனை.

மிச்சம் காதும் மூக்கும் செய்கிற வேலை. நியூட்ரலில் நிறுத்தி, பெடலை மிதியுங்கோ. மிதிக்கும்போது கீச்சிடத் தொடங்கினால் ரிலீஸ் பெயரிங் முடிகிறது. மாறாக, பெடல் மேலே இருக்கேக்க இரைந்து, மிதிச்சதும் அடங்கினால் சந்தேகம் கியர் பொக்ஸின் பெயரிங்கில். அது கிளச்சை விடப் பெரிய செலவு. பெடலை முழுசாய் மிதிச்சு ரெண்டு மூன்று செக்கன் பொறுத்து ரிவேர்ஸ் கியரைப் போடுங்கோ. கறகற எண்டால் கிளச் முழுசாய் விடவில்லை. முதலாம் கியரில், அக்சிலேற்றரைத் தொடாமல், மெதுவாய்ப் பெடலை விட்டுக் காரை நகர்த்துங்கோ. உதறிக்கொண்டு கிளம்பினால் தகட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிளைவீல் சூட்டில் கெட்டிருக்கலாம், எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். எதென்றாலும் கேள்வி கேட்க வேண்டிய உதறல்.

"கிளச் இப்பதான் புதுசாப் போட்டது" எண்டு சொன்னால் உடனே சந்தோசப்படாதேயுங்கோ. பில் எங்கே? தகடு மட்டும் மாத்தினதா, பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பெயரிங்கும் சேர்த்து செற்றாகப் போட்டதா? புதுச் சாமானா, பஞ்சிகாவத்தையில் எடுத்த பாவிச்ச சாமானா? பிளைவீலைக் கடைந்தவையா? இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி: முதல் இருந்த கிளச் ஏன் செத்தது? பெடல் கல்லு மாதிரி இறுகி, "இருக்கு, இல்லை" எண்டு சட்டென்று பிடிக்கிற ரேசிங் கிளச் போட்டிருந்தால், அந்த எஞ்சினின் பலத்தை ஆரோ கூட்டியிருக்கலாம், அல்லது கார் ஓட்டப் பந்தயத்துக்குப் போயிருக்கலாம். டொக்டர் பாவிச்ச கார் எண்டு சொன்னவரிடம், டொக்டர் வாட்டுக்குப் போனவரா ரேசுக்குப் போனவரா எண்டு கேளுங்கோ.

இந்தச் சோதனைக்குப் பதிலாக ஏதோ கடதாசி இருக்கும் எண்டு நம்புகிறவர்களுக்கு: புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையைத்தான் அளக்கிறது. லீசிங்குக்காக எடுக்கிற மதிப்பீட்டு அறிக்கை வண்டியின் பெறுமதிக்கானது, கிளச் தகட்டின் தடிப்புக்கானதல்ல. சட்டத்தை நம்பினாலும் கதை அதுதான். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இங்கே அடிப்படை. வாங்குகிறவரே கவனமாயிருக்க வேணும் என்பதுதான் அதன் பொது நிலை. ஆக, உங்கட கால், உங்கட காது, உங்கட கண். வேறு காவல் இல்லை.

இனி உண்மையான தடைக்கு வருவோம். தடை அறிவல்ல, வெட்கம். "ஒருக்கால் ஓடிப் பாக்கட்டோ அண்ணை?" எண்டு கேட்டால், "ஏன் தம்பி, நம்பிக்கை இல்லையோ?" எண்டு திருப்பிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியோடு முக்கால்வாசிப் பேர் அடங்கிப் போகினம். தெரிஞ்ச ஆள், சொந்தத்துக்குச் சொந்தம், கோயிலில் முகம் பார்க்க வேணும். சோதிப்பது அவமரியாதையாம்.

இதை நான் நேர் எதிராகப் பார்க்கிறேன். சோதிக்காமல் விடுவதுதான் அவமரியாதை. ஒழுங்காய்க் காரை வைத்திருந்தவருக்குச் செய்கிற அவமரியாதை. ஜோர்ஜ் அகெர்லொவ் எண்ட அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் எழுதின கட்டுரை ஒன்று இதைத்தான் பேசியது. அமெரிக்காவில் உள்ளுக்குள் பழுதான காரை 'எலுமிச்சை' எண்டு சொல்லுவினம். கட்டுரையின் தலைப்பே எலுமிச்சைகளின் சந்தை. மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் எண்டு திருப்பின கட்டுரை. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்ததில் அதுக்குப் பெரிய பங்கு. அவர் சொன்னது எளிது: வண்டியின் பழுது விக்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் சொல்லுவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விக்க மாட்டார், சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது எலுமிச்சை.

எங்கட ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கோ. ஆறு வருசம் பெடலில் சும்மா காலை வைக்காமல், அளந்து ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாத்தி வைத்திருந்த ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஒழுங்கையில், சந்திக்குச் சந்தி உறுமிவிட்டு, வழுக்கத் தொடங்கினதும் பெயின்ற் அடிச்சு விலைக்கு விட்ட ஒருவரும் இருக்கிறார். நீங்கள் கிளச்சைச் சோதிக்காவிட்டால் ரெண்டு பேருக்கும் ஒரே விலை. முதல் ஆளின் ஆறு வருச ஒழுக்கத்துக்கு நீங்கள் குடுக்கிற மதிப்புப் பூச்சியம். "நம்பிக்கை" எண்ட பெயரில் நாங்கள் பரிசு குடுப்பது உறுமினவருக்கு. ஒளிச்ச பழுதை அடுத்த தலையில் கட்டுவது கெட்டித்தனம் எண்டு ஊர் பழகினதுக்கு, கேள்வி கேட்க வெட்கப்படுகிற நாங்களும் காரணம்.

விக்கிறவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு. முன்பின் தெரியாத பெடியன் வந்து காரைக் கொண்டுபோய் மதகில் இடிச்சால்? இன்சூரன்ஸ்? பயம் நியாயமானது. ஆனால் அதுக்கு மருந்து சுலபம். மேலே சொன்ன வல்லை வெளிச் சோதனைக்கு நீங்கள் ஸ்ரியறிங் பிடிக்க வேண்டியதே இல்லை. "நீங்களே ஓடுங்கோ அண்ணை, நான் பக்கத்தில் இருக்கிறன். நாலாம் கியர், நாற்பதில், முழுசா அமத்துங்கோ." அவ்வளவுதான். முள்ளு ரெண்டும் உங்களுக்குத் தெரியும். இதுக்கும் மறுத்தால், அவர் பயப்படுவது உங்கட ஓட்டத்துக்கல்ல, முள்ளுக்கு. எழும்பி வாங்கோ.

"கிளச் தானே, தேய்கிற சாமான்தானே, மாத்திப்போட்டு ஓடலாம்" எண்டும் ஒரு கட்சி இருக்கு. தேய்கிற சாமான்தான். தேய்ந்த கிளச் உள்ள காரை வாங்கவே கூடாது எண்டு நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கோ. கியர் பொக்ஸ் இறக்கிற கூலி, செற், பிளைவீல் வேலை எல்லாத்துக்கும் ஒரு கராஜில் எழுத்தில் விலை எடுத்து, அதைக் காரின் விலையில் கழியுங்கோ. எதிர்ப்பு தேய்வுக்கல்ல, ஒளிப்புக்கு. அந்த ஒளிப்பு காசோடு மட்டும் நிற்பதில்லை. ஏ9இல் ஒரு பஸ்ஸை முந்த வெளியே எடுக்கிறீங்கள், எதிரே லொறி வருகுது, அக்சிலேற்றரை அமத்துறீங்கள். எஞ்சின் கத்துது, கார் எழும்பவில்லை. அந்த மூன்று செக்கனை ஒரு கராஜும் மாத்தித் தராது.

"ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எங்களிட்ட எங்க காசு?" எண்டு சிரிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். உங்கட முதல் கைமாத்து மோட்டார் சைக்கிளிலும் கிளச் இருக்கு, அதிலும் முந்தின ஆளின் கையெழுத்து இருக்கு. உயர் கியர், குறைந்த வேகம், முழு அக்சிலேற்றர்: அங்கேயும் இதே கேள்விதான்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே ஊர் ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட வைத்தது. அந்த நாட்களைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை; அது ஆசைப்பட்டு எடுத்த பாடமல்ல, தலையில் விழுந்த பாடம். ஆனால் அப்ப இந்த ஊரில் வண்டி வைத்திருந்தவருக்குத் தன்ர வண்டியின் சத்தம் தெரியும். எது எங்கே தேய்கிறது எண்டு தெரியும். இன்றைக்குக் காசு வந்திருக்கு, வீதி காப்பெற்றாகியிருக்கு, காது போய்விட்டது. இலட்சக்கணக்கில் எண்ணிக் குடுக்கிற கைக்கு ஒரு பெடலை மிதிச்சுக் கேட்கக் கூச்சம்.

ஆகவே ரெண்டு கோரிக்கை. வாங்குகிறவர்களுக்கு: ஓடிக் காட்டாத காருக்கு ஒரு ரூபா அட்வான்ஸும் வைக்காதேயுங்கோ, அது சித்தப்பாவின் காராய் இருந்தாலும். விக்கிறவர்களுக்கு: அடுத்த விளம்பரத்தில் "டொக்டர் பாவிச்சது" எண்டு எழுதாதேயுங்கோ. கிளச் எப்ப போட்டது, என்ன சாமான், பில் இருக்கு, வந்து நாலாம் கியரில் ஓடிப் பாருங்கோ எண்டு எழுதுங்கோ. அப்படி ஒரு விளம்பரம் வந்தால், கேட்கிற விலை கொஞ்சம் கூடவாய் இருந்தாலும், முதல் அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கோ.